உன் அண்ணன் ஏன் அந்த ட்ரக்கை வாங்கினான்

ஸ்ரௌவ்வில்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் ஏஞ்சலாவுக்கு,

மாதாவின் தயவால் இந்த வீட்டில் எல்லோரும் எழும்பி நடந்து, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லாக இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போது உன் பெயரைத்தான் முதலில் வைக்கிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டதா? உப்பைக் குறை. ஜெறோம் சுரங்க வேலையில் இருந்து வீட்டுக்கு வருகிற கிழமைகளிலாவது அவரைச் சமைக்க விட்டுவிட்டு நீ காலை நீட்டி இரு. இதையெல்லாம் போனில் சொல்லலாமே, அம்மா ஏன் கடிதம் எழுதுறா என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒரு வசனம் சொல்ல நீ மூன்று வசனம் சொல்லுவாய், பிறகு அழுவாய், பிறகு நானும் அழுது சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. ஆறுதலாக இருந்து கடைசிவரைக்கும் வாசி.

போன செவ்வாய்க்கிழமை உன் மச்சாள் ஷாமிலா புது ட்ரக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள் அல்லவா, அதற்கு நீ குரல் அனுப்பினாய். அண்ணாவுக்குக் கனகாலமா ட்ரக் ஆசை, இப்ப அம்மாவைச் சாட்டி வாங்கிப்போட்டார், நான் அம்மாவை மட்டும் பிளேனிலை ஏத்தி விடச் சொல்லித்தானே சொன்னனான் என்று. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் அண்ணன் கிளிபோட் அந்த நேரம் குசினியில் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான், கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் டயருக்குக் காற்றுப் பார்த்தான். காலையில்தான் பார்த்திருந்தான். இரண்டு கிழமை லீவு எடுத்து உன்னோடு நின்று, பிறக்கப்போகிற மருமகப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருவதாக இருந்தவன், இப்போது நான் படுக்கிறதுக்கு இழுத்துவருகிற ட்ரெயிலரை உன் வீட்டு வளவில் விட்டு, அம்மாவை இறக்கிப்போட்டு, ஒரு இரவு மோட்டலில் படுத்துவிட்டு அடுத்த நாளே திரும்புகிறேன் என்கிறான். நீங்கள் இரண்டு பேரும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்தால் நடுவில் நின்று நான் எப்படி அந்தப் பிள்ளையைக் குளிக்கவார்ப்பது? நடந்ததை அவன் உனக்குச் சொல்ல மாட்டான். உனக்குச் சொன்னால் பயப்படுவாய் என்று எங்களுடைய வாயையும் கட்டிப்போட்டான். நான் கட்டை அவிழ்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

பிளேனில் நான் வரலாம், அது சரி. வந்து எங்கே படுப்பது? உன் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அறை. நான் சோபாவிலை படுக்கிறன், நீங்கள் கட்டிலிலை படுங்கோ என்று நீ சொன்னாய். பிள்ளைப்பெற்ற உடம்பைச் சோபாவில் மடக்கிப் போட்டுவிட்டு நான் கட்டிலில் நித்திரை கொள்ளுவேனா? அதைக் கேட்டுக்கொண்டிருந்த கிளிபோட்தான், அப்ப அம்மாவுக்கு ஒரு அறையையே இழுத்துக்கொண்டு போவம் என்றான். யூனியன்வில்லில் ஒரு வயதான வெள்ளைக்காரரும் மனுசியும் வைத்திருந்த ட்ரெயிலரைப் பார்த்து வாங்கினான். கட்டில், சின்னக் குசினி, கக்கூஸ், யன்னலுக்குப் பூப்போட்ட துணி, எல்லாம் உண்டு. கட்டிலில் சரிந்தபடியே தண்டர் பே வரைக்கும் வந்து சேரலாம் என்று நான் சந்தோசப்பட்டேன், ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாதாம், சட்டமாம். இழுப்பதற்கு அவனுடைய நீலக் கார் காணும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் எத்தனை வருசம் இரவு வேலை செய்து வாங்கிய கார், சனிக்கிழமை தவறாமல் குளிக்கவார்ப்பான், உனக்குத் தெரியும்தானே. அந்தக் கார் ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. வெறும் ட்ரெயிலர் நாலாயிரமும் இல்லை. உனக்கு முதல்நன்மை உடுப்புத் தைத்துத் தந்த ரீற்றாவின் புருசன் றெமிஜியஸும் கோயில் வாசலில் நின்று, தம்பி, நான் ஓட்டை வான் ஒண்டிலை கியூபெக் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனனான், உனக்கு உது தாராளம் என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் வருவதற்கு முதல் ஒருக்கால் இழுத்துப் பார்ப்போம் என்று ஆனி மாதக் கடைசியில் மிட்லண்ட் கோயிலுக்குப் போனோம். உன் பிள்ளைப்பேற்றுக்கு நேர்த்தி வைக்க வேண்டும் என்று நானும் ஏறினேன். உனக்குக் கொண்டுவர வேண்டியதில் பாதியை அப்போதே ஏற்றிவிட்டேன். அரிசி, ஒடியல் மா, தேங்காய், நல்லெண்ணெய்ப் போத்தல்கள், பிள்ளைப்பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூள், கருவாடு, பெரிய சட்டிகள். குசினி ட்ரெயிலரின் பின்பக்கத்தில் இருக்கிறபடியால் எல்லாவற்றையும் பின்னால்தான் அடுக்கினேன். போகிற இடத்துத் தண்ணீர் எப்படியோ என்று பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் முட்ட நிரப்பினேன். ஹைவேயில் ஏறி ஒரு அரைமணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் ட்ரெயிலர் வாலை ஒரு பக்கம் வீசியது, பிறகு மற்றப் பக்கம் வீசியது, வீச வீசக் கூடிக்கொண்டு வந்தது. கார் அதோடு சேர்ந்து ஆடியது. ஷாமிலா பிறேக்கைப் பிடியுங்கோ பிடியுங்கோ என்று கத்தினாள். அவன் பிடிக்கவில்லை மகள். பிடித்திருந்தால் ட்ரெயிலர் எங்களை மடித்துப் போட்டிருக்குமாம். பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, தானாக வேகம் குறையும்வரை இருந்தான். ஓரத்தில் நிற்பாட்டி இறங்கினான். நானும் இறங்கினேன். என் பேத்தி நடாஷா வந்து தகப்பனின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்ந்து ஊர்ந்து மிட்லண்ட் போய்ச் சேர்ந்தோம். றெமிஜியஸும் அங்கே வந்திருந்தார். மூட்டையளை முன்னுக்கு வை, தண்ணியைத் திறந்து விடு, இதுக்குப் போய் முகம் வெளிறி நிக்கிறாய், பயமெண்டால் ஸ்டியரிங்கை ஷாமிலாவிட்டைக் குடு என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார். சொன்னபடி முன்னால் மாற்றி வைத்தோம். ஆட்டம் நின்றது உண்மைதான். ஆனால் இப்போது காரின் பின்பக்கம் தாழ்ந்துபோனது, மூக்கு மேலே பார்த்தது, திருப்பும்போது முன் சில்லு றோட்டைப் பிடிக்கிற மாதிரியே தெரியவில்லை என்றான் கிளிபோட். திரும்பி வரும் வழியில் லொறிகள் நிறுக்கிற இடத்தில் ஏற்றி நிறுத்தான். அப்போதுதான் விசயம் விளங்கியது. அவன் இவ்வளவு நாளும் பார்த்தது கார் எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டும். ட்ரெயிலரின் முன்மூக்கு காரின் பின்பக்கத்தில் ஏறி உட்காருகிறது, அந்தப் பாரத்தைக் கார் இழுக்கவில்லை, சுமக்கிறது. அதோடு நாங்கள் நாலு பேர், எங்கள் பெட்டிகள், பாய் தலையணை. கார் எவ்வளவு சுமக்கலாம் என்று சாரதியின் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது. எத்தனை வருசமாக அந்தக் கதவைத் திறந்து பூட்டியிருப்பான், ஒருநாளும் வாசித்ததில்லை. நடாஷா வாசித்துச் சொன்னாள், நான் கூட்டிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கே காணும். இழுவை சரி, சுமை கூடிவிட்டது.

பிறகு வீட்டில் எல்லோரையும் நிறுக்கத் தொடங்கினான். ஷாமிலா தன் நிறையைத் தாளில் எழுதிக் கொடுத்தாள், நடாஷா அதைப் பார்த்துவிட்டு, அம்மா, உது உங்கடை கலியாணத்தண்டு இருந்த நிறை என்றாள். மாமிக்கு முன்னாலை தராசிலை ஏறச் சொன்னால் நான் பஸ்ஸிலை வாறன் என்று ஷாமிலா நின்றுகொண்டாள். கடைசியில் எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வைத்துவிட்டு ஏறினாள். நான் ஏறினதும் கிளிபோட் ஒருக்கால் பார்த்துவிட்டு, அம்மா சரக்குத்தூளை மடியிலை கட்டியிருக்கிறியளோ என்றான். அந்த ஹைவேக்குப் பிறகு அன்றுதான் இந்த வீட்டில் சிரித்தது. சாமானைக் குறைத்துக்கொண்டு அந்தக் காரிலேயே போவோமா என்று நான் கேட்டேன். உன்னிடம் வருகிற வழியில் அந்தப் பெரிய வாவிக்கரை முழுக்க ஏற்றமும் இறக்கமுமாம், உன்னைப் பார்க்க வந்த மூன்றுமுறையும் அவனே கார் ஓடியவன்தானே. இறக்கத்திலை ட்ரெயிலர் தள்ளேக்கை என்ரை கார் பிடிச்சு வைச்சிருக்காது அம்மா, பின்னாலை நீங்கள் எல்லாரும் இருக்கிறியள் என்றான். அதோடு கதை முடிந்தது.

இப்போது ட்ரக் கதைக்கு வருகிறேன். நீ சொன்னது முழுப் பொய் இல்லை. முதலில் விற்கிற இடத்தில் ஒரு ட்ரக்கைக் காட்டினார்கள், கூரை முழுக்கக் கண்ணாடி, தோல் இருக்கை, முன்னால் தொலைக்காட்சி அளவில் ஒரு திரை. உன் அண்ணனின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்றுதரம் சுற்றி வந்தான், கையால் தடவினான். ஆசைப்பட்டான், இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறகு அவனே கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தான். அந்தக் கண்ணாடிக்கும் தோலுக்கும் உள்ள பாரத்தைக் கழித்து, அது சுமக்கிறது நாங்கள் நினைத்ததைவிட நல்லாகக் குறைவு. பக்கத்தில் அதே பெயர் உள்ள இன்னொரு ட்ரக் நின்றது. துணி இருக்கை, தகரக் கூரை, வேலைத்தளங்களுக்குப் போகிறவர்கள் வாங்குவது. அது மற்றதைவிட முந்நூறு இறாத்தலுக்கு மேலே கூடச் சுமக்கும். ட்ரெயிலரின் பிறேக்கைத் தனியாகப் பிடிக்கிற பிடியும் அதில் உண்டு. விற்கிறவர், கொஞ்சம் கூடினாலும் பறவாயில்லை, எல்லாரும் அப்படித்தான் ஓடுகினம் என்று அந்தக் கண்ணாடிக்கூரை ட்ரக்கையே எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். கிளிபோட் என்னைத் தகரக்கூரை ட்ரக்குக்குக் கிட்டக் கூப்பிட்டு, இதிலை ஒருக்கால் ஏறுங்கோ அம்மா என்றான். முழங்கால் அவ்வளவு உயரத்துக்கு மடங்கவில்லை. நான் சமாளித்து ஏறப் பார்த்தேன், அவன் கண்டுவிட்டான். அம்மா ஏற ஏலாட்டி எனக்கு இந்த ட்ரக் சரிவராது என்று வெளியே போகப் பார்த்தான். பிறகு பக்கத்தில் படி பூட்டித் தருகிறோம் என்றார்கள். பூட்டின பிறகு என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தான். நீலக் காரை அங்கேயே கொடுத்துவிட்டான் மகள். படத்தில் ட்ரக்கைப் பார்த்தாய், கார் நின்ற இடத்தில் கார் இல்லாததை நீ பார்க்கவில்லை. கொடுக்கிற அன்றைக்கும் கழுவித் துடைத்துத்தான் கொண்டுபோனான். ஏனடா, கொடுக்கப்போற காரை என்று கேட்டேன், சும்மா என்றான்.

உன்னைப் பிழை பிடிக்க நான் இதை எழுதவில்லை. நீ தூரத்தில் தனிய இருக்கிறாய், உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் வைத்திருந்தது நாங்கள். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி விடியப் புறப்படுகிறோம். அவசரப்படாமல் மூன்று நாள் ஓடுவோம், தண்ணீர்த் தொட்டி வெறுமையாகத்தான் வரும், அரிசியை அங்கேயே வாங்கிக்கொள்வோம், சரக்குத்தூளை மட்டும் நான் விடமாட்டேன். பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடம் வெறுமையாக இருக்கும்போது கிளிபோட் ட்ரெயிலரைப் பின்பக்கமாக விட்டுப் பழகுகிறான். ஷாமிலா பின்னால் நின்று கையைக் காட்டுவாள். வலம் எண்டால் உன்ரை வலமோ என்ரை வலமோ என்று அவன் கத்த, கண் இருக்கிற பக்கம் வலம் என்று அவள் கத்த, நாய் கூட்டிக்கொண்டு போகிற வெள்ளைக்காரர் நின்று பார்ப்பார்கள். எதற்கு இவ்வளவு பழகுகிறான் என்றால், உன் வீட்டுப் பின்பக்கத்துச் சின்ன ஒழுங்கைப் பாதையால்தான் உள்ளே வர வேண்டும், அது ஒடுக்கம். பின்வாசல் கேற் எவ்வளவு அகலம் என்று உன்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. நேற்றுப் பார்க்கிறேன், தகப்பனும் மகளும் கம்பியூட்டரில் உன் வீட்டை வானத்தில் இருந்து எடுத்த படத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். உன் கூரை தெரிகிறது. கேற் மரத்துக்குக் கீழே மறைந்துபோய்விட்டது. இலைக்குள்ளே எங்கே தூண் இருக்கும் என்று அவன் திரையில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.

மாதா உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நோவில்லாமல் பெற்றெடு, ஜெறோமுக்கும் என் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் அந்தக் கேற்றை அளந்துவிடு. நீ குனியக்கூடாது, வீட்டுச் சொந்தக்காரரை அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல். அளந்ததை எனக்குச் சொல்லாதே மகள், அண்ணனுக்குப் போன் எடுத்து நீயே சொல்.

உன்னை நினைத்தபடியே இருக்கிற
அம்மா