மீன் கூடைக்கு வந்த மனு

ஜூன் 9, திங்கள்

பேத்தி மகிழினி பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தாள். பேரன் அர்ஜுன் கேரம் போர்டில் மாநில அளவில் கோப்பை வாங்கினான். சின்னவன் ஜெகதீசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், இப்போது அவனுக்குக் கீழே ஆட்கள். எல்லாருக்கும் மேலே என் மூத்தவள் நீலா. ஐந்து வருஷம் எம்.எல்.ஏ. அடுத்த தேர்தலில் தோற்றாள். கட்சியை விட்டுவிட்டுத் திரும்பவும் கறுப்புக் கோட்டு மாட்டினாள். இன்றைக்கு ஹைகோர்ட்டு ஜட்ஜ். காசிமேட்டில் மீன் விற்றவள் பெற்ற பெண்.

ஆனால் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. முதலில் கூடுதல் ஜட்ஜாம், அப்புறம் பெரிய ஜட்ஜுகள் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம். அது இந்த மாதமோ அடுத்த மாதமோ. கட்சிக்காரி எப்படி ஞாயம் சொல்லுவாள் என்று பதவியேற்றபோதே வழக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தப்புக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறான் ஜெகதீசன்.

ஜூன் 17, செவ்வாய்

தடைக்காலம் முடிந்து படகுகள் வந்துவிட்டன. செங்கொடி வஞ்சிரத்தோடு வந்தாள். மார்க்கெட்டில் என் பக்கத்திலேயே கூடை போட்டவள். மீன் ஏலக் கூடத்து அடிதடியில் ஒருத்தனுக்குப் பலத்த அடியாம், அவள் மகன் தீனாவைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். ஜாமீன் மனு நீலாவின் கோர்ட்டுக்கே வந்திருக்கிறதாம். சுவரில் இருக்கிற நீலாவின் எம்.எல்.ஏ. போட்டோவைப் பார்த்தபடியே பேசினாள். ஓட்டுக் கேட்கிறவள் மாதிரி கை கூப்பிச் சிரிக்கிற போட்டோ.

"யக்கா, அவன் அடிக்கல, வெலக்கி வுட்டவன். உன் பொண்ணாண்ட ஒரு வார்த்த போட்டு வை."

அந்த ஐந்து வருஷமும் யாருக்கு என்ன குறை என்றாலும் என் கூடைக்குத்தான் வருவார்கள். ரேஷன், பட்டா, தண்ணீர் லாரி. தராசு எடைக்கல்லுக்கு அடியில் மனுவை வைத்துவிட்டுப் போவார்கள். சோறு போடும்போது நான் நீலாவிடம் சொல்லுவேன். மீன் வாடை அடிக்காத மனு எங்க தொகுதி மனுவே இல்லம்மா என்று சிரிப்பாள். காரியமும் நடக்கும்.

சரி என்றேன். மீனை வாங்கி வைத்தேன்.

ஜூன் 18, புதன்

நீலாவுக்குப் போன் போட்டேன். தீனா பேரைச் சொன்னேன், நல்ல பிள்ளை என்றேன். பேச்சை வெட்டிக் கேட்டாள்: "அம்மா, நீ இன்னா பண்ணிட்ட தெரியுமா?"

அவளுக்கு வக்கீல் பேச்சு போய்க் காசிமேட்டுப் பேச்சு வந்துவிட்டால் நிஜமாகவே பயந்துவிட்டாள் என்று அர்த்தம்.

இன்னா பண்ணிட்டேன் நான்? எப்பவும் பண்றதுதானே?

ஜூன் 19, வியாழன்

போன் எடுக்கவில்லை. மீன் குழம்பு அப்படியே கீது.

ஜூன் 20, வெள்ளி

கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். இந்த வழக்கு விஷயமாக என் தாயாரிடம் பேசியிருக்கிறார்கள், தாயார் என்னிடம் பேசினார், அதனால் நான் இதை விசாரிக்கமாட்டேன், வேறு நீதிபதிக்குப் போகட்டும் என்று. டிவியில் கீழே எழுத்தாக ஓடுகிறது. தாயார் – அது நான்.

ஜெகதீசன் கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினான். "அக்கா வாய மூடிகினு இருந்தா யாருக்குத் தெரியப் போவுது? இனி நிரந்தரம்லாம் அவ்ளோதான்."

சாயங்காலம் செங்கொடி வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"உன்னாண்ட வராம இருந்திருந்தா இன்னிக்கு என் புள்ள வூட்டுக்கு வந்திருப்பான்க்கா."

அவள் சொன்னது பொய்யில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நீலா பேசினாள். சொல்லாமலே இருந்திருக்கலாமேடி என்று அழுதேன்.

"எம்.எல்.ஏ.வா இருந்தப்ப நீ சொல்லணும், நான் கேக்கணும். அதுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. இப்ப நீ சொல்லி நான் கேட்டா, அடிபட்டு ஆஸ்பத்திரில கீறானே, அவன் அம்மா யாராண்ட போவா?"

அவனுக்கும் ஒரு அம்மா. எனக்கு அது தோன்றவே இல்லை.

நிரந்தரம் என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாதும்மா என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

தீனாவுக்கு வேறு ஜட்ஜ் ஜாமீன் கொடுத்துவிட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு செங்கொடி என் வாசல் வழியாகத்தான் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஒரு சேதியும் இல்லை. டிவி போடவே பயமாக இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

காலையில் பக்கத்துத் தெரு மகிமா வந்தாள். ஒரு கையில் நண்டு, ஒரு கையில் மடித்த தாள். வீட்டுத் தகராறு கோர்ட்டில் இருக்கிறதாம். அவளும் போட்டோவைப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். நண்டை நான் தொடவில்லை. வக்கீலைப் போய்ப் பாரம்மா என்றேன். பொண்ணு ஜட்ஜம்மா ஆனதும் ஆத்தாவுக்கும் தலகனம் ஏறிகிச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் போட்டோவைக் கழற்றினேன். சுவரெல்லாம் கரி படிந்து, அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

மத்தியானம் ஜெகதீசன் போன் போட்டான். அக்கா நிரந்தரம் ஆயிட்டாம்மா என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலாவிடம் சொல்ல வேண்டும், புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு என்று. செல்போனில் வந்தால் ஆணியில் மாட்ட முடியாது. கறுப்பு அங்கியில் எடுத்தது வேண்டும். சிரித்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி. கை மட்டும் கூப்பியிருக்கக் கூடாது.