ஒரே உருண்டை மண்

மார்ச் 10

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சனிக்கிழமை நான் தேநீர் போட உள்ளே போன நேரத்தில் மேசைமேல் இருந்த மண்கிண்ணத்தைக் காணோம். அறைக்கு வந்தது நீங்கள் ஒருவர்தான். தனியே வந்த இந்த மூன்று வருடமும் அந்த ஒரே உருண்டை மண்ணைத்தான் காலையில் கிண்ணமாக்குகிறேன், மாலையில் கலைத்து ஈரத்துணி சுற்றி வைக்கிறேன். உங்களுக்குத் தெரியாததா? திருப்பித் தந்துவிட்டால் ஒன்றும் கேட்க மாட்டேன்.

வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவள்

மார்ச் 18

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

வலி அப்படியேதான். எடுத்தது நான்தான். எட்டு நாள் பதில் எழுதாதது பயத்தினால். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன், கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். விளிம்பு முழுக்க உன் கட்டைவிரல் பதிந்திருந்தது. பதிவறையில் முப்பத்தைந்து வருடம் யார் யாருடைய காகிதங்களையோ செல்லரிக்காமல் காத்தேன். உன்னுடையது என்று என்னிடம் ஒன்றுமில்லையே என்று தோன்றிவிட்டது. காயவைத்துச் சூளைக்குக் கொண்டுபோனேன்.

"பெரியவரே, சுட்டா கல்லாயிடும். அப்புறம் அழுதாலும் மண்ணாகாது. வீட்ல கேட்டீங்களா?" என்றார் சூளைக்காரர். கேட்டதாகத் தலையாட்டினேன்.

விரிசலில்லாமல் வெந்திருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவரட்டுமா? தவறு செய்துவிட்டேனா என்று தெரியவில்லை. செய்திருப்பேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 19

உங்களுக்கு,

ஆயிரம் கிண்ணம் செய்திருப்பேன். ஒன்றுகூட நினைவில்லை, செய்ததுதான் நினைவிருக்கிறது. விரல் அழுத்தும் அந்த இரண்டு மணி நேரம்தான் என்னுடையது. பிறகு மிஞ்சுவது வெறும் சாமான். செருப்புப் பெட்டிக்குக்கூடச் சீட்டு ஒட்டும் வீட்டிலிருந்து நான் கிளம்பியதே சாமான் தாங்காமல்தான். இங்கேயும் வந்து என் காலை நேரத்தைச் சுட்டுவிட்டீர்கள்.

"வேற மண்ணு வாங்கிக்கோங்களேன்," என்கிறாள் பக்கத்து அறை டீச்சர். "வேற புருஷனும் கிடைப்பாரா பாரு டீச்சர்," என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

சுட்டதை இடித்துப் பொடியாக்கினால் புதுமண்ணில் கலக்கலாம். இடிக்க வேண்டியது நீங்கள். முழுசாகக் கொண்டுவருவதென்றால் வர வேண்டாம். இந்தச் சனி மட்டுமில்லை, எந்தச் சனியும். அலுத்துவிட்டது எனக்கு.

ஏப்ரல் 2

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நான்கு நாள் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். முதல் அடி மேசைக்கு. பிறகு இடித்தேன், சலித்தேன், மறுபடி இடித்தேன். உன் விரல்தடம் எந்த அடியில் போயிற்றோ. செய்வதில் உனக்கு என்ன கிடைக்கிறதென்று இப்போதும் புரியவில்லை. எனக்குத் தோள்வலிதான் கிடைத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொடியைப் புட்டியில் போட்டு மூடியதும் கை தன்பாட்டில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டது: 'மண்கிண்ணம், மார்ச் 7, சனி.' உரித்துப் பார்த்தேன், பசை விடவில்லை. திருந்தாத ஜென்மம் என்பாய். சரிதான். இப்படியே வரலாமா, கூடாதா?

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 5

அன்புள்ள உங்களுக்கு,

சீட்டில் தேதி தப்பு. அந்தச் சனிக்கிழமை நான் எதுவும் செய்யவில்லை. அது ஐந்தாம் தேதி, வியாழக்கிழமைக் கிண்ணம். நீங்கள் வந்து பார்க்கட்டுமென்று இரண்டு நாள் கலைக்காமல் வைத்திருந்தேன்.

திருத்தி எழுதி எடுத்து வாருங்கள்.

இந்தாம்மா