மஞ்சளாகவே நின்ற தட்டு

என் அன்பு இன்ஜினியருக்கு,

அத்தையும் நம் வாலுவும் நானும் சுகம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். அத்தைக்குப் புதுக் கண்ணாடி வந்தபிறகு என் சமையலில் புதுப்புதுக் குறைகள் தெரிகின்றன. அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஒன்று சொல்ல வேண்டும். போனில் என்றால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம் ஊருக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. ரசாயனச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. எந்த மாசும் அளவைத் தாண்டவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு என் முறை. தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்து, அந்தத் தண்ணீரில் கரைத்த உணவைக் கொடுத்தேன். மறுநாள் மஞ்சள் சாயம் விட்டேன். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் விட்ட குழிகள் ஊதாவாகின. உங்கள் தண்ணீர்க் குழிகள் மஞ்சளாகவே நின்றன.

ஆய்வக இயக்குநர் பார்த்துவிட்டு, "செல்லுல கிருமி ஏறியிருக்கும்மா, புதுசா வளர்த்துப் பாருங்க" என்றார். நியாயம்தான். புதுச் செல், புதுத் தட்டு, நானே போய்ப் பிடித்துவந்த தண்ணீர். மறுபடியும் மஞ்சள். தனித்தனியே சாதுவாக இருக்கும் மாசுகள் ஒன்றுசேர்ந்து செல்லைக் கொல்கின்றன.

அன்று வீட்டுக்கு வந்தால், வாலு குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இழுத்த இழுப்பில் அழுதே விட்டாள். டாக்டர் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்துபோய்க் குடத்திலிருந்த குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார். பிறகு, "அவன் கட்டினதுன்னு பார்க்காதே. ஊரே குடிக்குது" என்றார்.

இடம் போதவில்லை என்று நீங்கள் விட்டுவிட்ட கரிப்படுகை ஞாபகமிருக்கிறதா? அதே தண்ணீரைக் கரியில் வடித்துச் செல்களுக்குக் கொடுத்தேன். தட்டு முழுக்க ஊதா. இதுதான் வழி என்று நிலையத்தைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் தைரியமாகச் சொன்னேன். இப்போது நிலையத்தை நிறுத்திவிட்டார்கள்; லாரியில் தண்ணீர் வருகிறது. கரிப்படுகையை யார் அமைப்பது என்று பேச்சு எழுந்தது. கட்டியவரே வருவார் என்றேன், உங்களைக் கேட்காமலே.

தண்ணீர் சரியில்லை என்ற அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து. உங்களுக்குச் சொல்லாமல் போட மனம் வரவில்லை, போடாமலிருக்கவும் முடியவில்லை. போட்டுவிட்டேன்.

கோபமிருந்தால் நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள், சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன். கோபமில்லாவிட்டாலும் வாருங்கள்.

உங்கள் நல்லதையே நினைக்கும்,
வீட்டுக்காரி