ஊரைக் கலைக்கும் தீர்மானம்

ஜனவரி 11, 2018, வியாழன்

மைனஸ் இருபத்தொன்பது. குழாய் உறைந்துவிட்டது. என் கணவன் எல்டன் லாரியில் மரம் ஏற்றிக்கொண்டு கனடா எல்லைப் பக்கம் போயிருக்கிறான், நாளைதான் வருவான். வாளியில் பனியை அள்ளி அடுப்பில் உருக்கிக்கொண்டிருந்தேன். ஊர்த் தீயணைப்பு வண்டியை ஓட்டும் ட்வைட் பெல்க்கி வந்து வாசலில் நின்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"உங்க வீட்டுப் புகைபோக்கியில ரெண்டு மடங்கு புகை வருது. ஒண்ணு, விருந்தா இருக்கணும். இல்லேன்னா குழாய் உறைஞ்சிருக்கணும். நீ எங்களை என்னிக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருக்க?"

அறுபத்தொரு வயது மனிதர் வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய் ஒரு மணி நேரம் சூடு காட்டினார். தண்ணீர் வந்தது. காபி கொடுத்தேன். கையைக் கோப்பையில் சூடாக்கிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "மார்ச் கூட்டத்துல ஊரைக் கலைச்சிடலாம்னு மனு கொடுத்திருக்கேன்."

"எதைக் கலைக்கப் போறீங்க?"

"ஊரைத்தான். ஹால்ஸ்டெட்டை. இனிமே மாநில அரசே பாத்துக்கட்டும்."

"ஊரைக் கலைக்க முடியுமா?"

"முடியாம என்ன? மூணுல ரெண்டு பங்கு பேர் சரின்னா முடிஞ்சுது. நாமதானே உண்டாக்கினோம்?"

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வரியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு வருடம் இந்த நாட்டில் இருந்தாயிற்று. இன்னும் எதையாவது கேட்டு இப்படி வாயைப் பிளக்கிறேன்.

ஜனவரி 16

பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்து வரும் வழியில் ஊர் அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் என்பது ஒரே அறை. கிளார்க் லோர்னா, ட்வைட்டின் அக்கா. தம்பியின் மனுவை முத்திரை குத்திப் பதிவு செய்தவளும் அவளே, அதை எதிர்க்கப் போகிறவளும் அவளே.

"கோபம் வரலையா லோர்னா?"

"வராம? ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தப்போ தட்டைப் பிடுங்கிட்டேன். ஆனா மனு சட்டப்படி சரியா இருக்கு. முத்திரை குத்தாம என்ன பண்ண?"

ஒன்றும் நடக்காதது போலச் சொல்கிறாள். எங்கள் எஸ்டோனியாவில், எனக்கு ஒன்பது வயதில், ஒரு அதிகாரி ஒரு தாளோடு வந்தார். கடற்கரை ராணுவத்துக்கு வேண்டும் என்றார். பதினோரு வீடு. பத்து நாளில் காலி. அப்பா அந்தத் தாளைப் படிக்கக் கேட்டார். "படிச்சு என்ன பண்ணப் போற?" என்றார் அதிகாரி. அவ்வளவுதான் எங்கள் ஊரின் முடிவு.

இங்கே ஊரை முடிக்க மனு, முத்திரை, ஏழு நாள் முன்னறிவிப்பு. அறிவிப்பை அஞ்சலகக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், யாரோ நாய்க்குட்டி விற்கும் சீட்டுக்குப் பக்கத்தில்.

ஜனவரி 30

போர்ட்லாண்டில் குடியுரிமை நேர்காணல். தேறிவிட்டேன். உறுதிமொழி எடுக்கும் நாள் மார்ச் 23. ஊர்க்கூட்டம் மார்ச் 10. பதின்மூன்று நாள் வித்தியாசத்தில் ஊர்க்கூட்டத்தில் எனக்கு வாக்கில்லை! பதினேழு வருடம் "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று தள்ளிப்போட்டதற்கு எனக்கு இது வேண்டியதுதான்.

பிப்ரவரி 8

இந்த ஊரில் பாதிப் பேர் ஒரு கட்சி, பாதிப் பேர் இன்னொன்று. தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் சில வீட்டு முற்றத்தில் கட்சிப் பலகைகள் பனியில் கழுத்துவரை புதைந்து நிற்கின்றன. தொலைக்காட்சியில் பார்த்தால் நாளைக்கே வெட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது. கடை வாசலில் பார்த்தால் பனியில் சிக்கிய ஒருவர் வண்டியை இன்னொருவர் தள்ளிவிடுகிறார். எது உண்மை? எல்டனைக் கேட்டேன். "ரெண்டும்தான்," என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரி 17, சனி

கில்மன் வீட்டு மாட்டுக் கொட்டகை எரிந்தது. பகல் ஒன்றரை மணி. ஓடைக்கு அப்பால் புகை கறுப்பாக எழும்பியதும் நானும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தீயணைப்பு வண்டி பதினான்கு நிமிடத்தில் வந்துவிட்டது. இறங்கியவர்கள் நால்வர். ட்வைட், இரண்டு விவசாயிகள், அஞ்சல்காரி ரெனே. சம்பளம் கிடையாது, யாரும் ஆணையிடவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள். ரெனேயின் தலைக்கவசத்துக்குக் கீழே தலைச் சாயத்தின் மேல் மாட்டிய பிளாஸ்டிக் உறை தெரிந்தது. இவர்களில் இருவர் வீட்டு முற்றத்தில் எதிரெதிர்ப் பலகைகள். ஒரே குழாயை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை.

மாடுகளைக் காப்பாற்றிவிட்டார்கள். கொட்டகை போயிற்று.

முடிந்ததும் ட்வைட் வண்டியின் படியில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறம். காபிக் கோப்பையைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

"முன்னல்லாம் இருபத்தஞ்சு பேர் வருவோம் மாரிகா. இன்னிக்கு எண்ணிக்கோ."

எண்ண வேண்டியதில்லை.

"வீட்டுல என் சம்சாரம் ஜோன் இருக்கா. அவளுக்குப் புத்துநோய். பேங்கர் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குப் பயம், அதுக்குள்ள எங்கயாவது தீப்பிடிச்சிடுமோன்னு. ஊர் மேல கோபம் இல்ல எனக்கு. ஆளில்ல, அவ்ளோதான்."

இவரை ஊரை அழிக்க வந்தவர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9

நாளை.

மார்ச் 10, சனி

முழுதாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு மறந்துவிடுவேன் என்றில்லை, நாளைக்கு நம்ப மாட்டேன்.

பழைய பள்ளிக்கூட மண்டபம். மடக்கு நாற்காலிகள். ஸ்வெட்டர் பின்னும் பெண்கள், பனிச் சகதியோடு பூட்ஸ். பின்னால் மேசையில் மதியச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் கொதிக்கிறது. ஒரு ஊரின் உயிர் போகுமா இருக்குமா என்று முடிவு செய்யும் இடத்தில் பன்றிக்கறியும் பீன்ஸும் மணக்கிறது!

முதலில் கொடிக்கு வணக்கம். பிறகு நூலகத்தைச் சூடாக்கப் புது அடுப்பு வாங்க முக்கால் மணி நேரச் சண்டை. ஒருவர் விடாமல் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இந்த அடுப்பைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று என் அப்பாவை யாராவது ஒரு தடவை கேட்டிருப்பார்களா?

பதினேழாவது தீர்மானம்: ஹால்ஸ்டெட் ஊராட்சியைக் கலைப்பது.

ட்வைட் எழுந்து கொட்டகை அன்று சொன்னதையே சொன்னார். ஜோனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஊராட்சிக் குழுவில் ஒரு இடம் இரண்டு வருடமாகக் காலி என்றார். லோர்னா எழுந்தாள்.

"டேய் ட்வைட், நீ ஓய்வெடுத்துக்கோ. அதுக்கு ஊரையும் ஏன்டா சேத்துப் படுக்க வைக்கற?"

"நான் படுத்தா யாரு அக்கா வண்டி எடுப்பா? நீ எடுப்பியா? நீ கார் ஓட்டினாலே கோழியெல்லாம் மரத்துல ஏறிக்குது."

மண்டபமே சிரித்தது. லோர்னாவும் சிரித்தாள். பிறகு இருவரும் அழுவது போல நின்றார்கள்.

நான் எப்போது கையைத் தூக்கினேன், தெரியவில்லை. கூட்டத்தை நடத்தியவர் என்னைப் பார்த்தார். "திருமதி மாரிகா வாக்காளர் இல்லை. அவங்க பேசணும்னா கூட்டத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிக்கணும். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

எதிர்க்கத்தான் பேசப் போகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் தூக்கிய கை ட்வைட்டுடையது. கொட்டகைத் தீயில் சுட்டுக்கொண்டு, இன்னும் கட்டோடு இருந்த கை. பிறகு கில்மன். பிறகு வரிசை வரிசையாக. யாரையும் எண்ணத் தேவையிருக்கவில்லை, எல்லாக் கையும் மேலே இருந்தது. எனக்கு எதிராக வாக்களிக்கப் போகிறவர்கள் நான் பேசட்டும் என்று கை தூக்குகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இதைப் பார்க்க எழுதியிருக்கிறது எனக்கு.

நன்றாகப் பேசவில்லை. நாக்குக் குழறியது. அதிகாரியையும் தாளையும் சொன்னேன். "எங்களை யாரும் கேக்கல. நீங்க ஒருத்தரை ஒருத்தர் கேக்கறீங்க. கலைச்சிட்டா அடுத்த தடவை உங்களைக் கேக்க யாரும் வர மாட்டாங்க" - இவ்வளவுதான். உட்காரப் போனேன்.

ட்வைட் உட்கார்ந்த இடத்திலிருந்தே, சண்டையில்லாத குரலில் கேட்டார்: "நல்லாச் சொன்ன மாரிகா. ஆனா தீப்பிடிச்சா யாரு வருவா?"

பீன்ஸ் கொதிக்கும் சத்தம்தான்.

"நான் வரேன்," என்றேன்.

கடவுளே, நான்தான் சொன்னேன். மூட்டு வலிக்காரி, ஏணியில் ஏறினால் தலை சுற்றுபவள்! யோசித்துச் சொல்லவில்லை. வேறு எதைச் சொல்வது? பேச விட்டார்கள். வெறும் பேச்சோடு எப்படி உட்காருவது?

"ஓட்ட மாட்டேன், ரேடியோவைப் பாத்துக்கறேன்," என்றாள் லோர்னா. கில்மனின் மகள் ஒரு கையைத் தூக்கினாள். இன்னும் இருவர். அதற்கு மேல் இல்லை. ஆறாவது கைக்காக எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

வாக்குச்சீட்டு. மரப்பெட்டி. அறுபத்தைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக நடந்து போய்ப் போட்டார்கள். நான் மட்டும் சுவரோரம் நின்றேன். கலைக்க 38, வேண்டாம் 27. நாற்பத்து நான்கு வேண்டும். ஊர் பிழைத்தது.

கைதட்டல் இல்லை. பாதிக்கு மேல் ஊர் தோற்றிருக்கிறதே. ட்வைட் எழுந்து இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தார். கதவை அறைந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். நேராகப் பீன்ஸ் மேசைக்குப் போனார். தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பயிற்சி. பூட்ஸ் என்ன சைஸு?"

மார்ச் 11

காலையில் எல்டன் கரண்டியால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னான், அவனும் கலைக்கத்தான் போட்டானாம்.

"என்னது? நான் அங்க நின்னு அப்படிப் பேசறேன், நீ-"

"ட்வைட் செத்துடுவான்னு பயமா இருந்துது மாரிகா."

எரிச்சல்தான். என்னைப் பேசவிட்ட கைகளில் அவனுடையதும் இருந்தது, அதையும் பார்த்தேன். இந்த ஊரே இப்படித்தான் என்றால் என் வீடு மட்டும் வேறு மாதிரி இருக்குமா?

மத்தியானம் அவனே என் பூட்ஸுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான்.

மார்ச் 23, வெள்ளி

இருபத்தேழு நாட்டவர்களோடு நின்று உறுதிமொழி சொன்னேன். என் பக்கத்தில் சோமாலியப் பெண் ஒருத்தி, வார்த்தைக்கு வார்த்தை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கூட வந்த லோர்னா வெளியே காரின் முன்பக்கத்திலேயே வாக்காளர் படிவத்தை விரித்தாள். "இங்க கையெழுத்துப் போடு. காத்துல பறந்துடும், சீக்கிரம்."

ஏப்ரல் 16

பயிற்சி. மூச்சுக்காற்று உருளையை முதுகில் கட்டினால் இருபத்தைந்து பவுண்டு. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ட்வைட்: "ஐரோப்பா மகாராணிக்குப் பல்லக்கு வரச் சொல்லட்டுமா?"

ஜூன் 12

முதல் வாக்கு. துணித் திரைக்குப் பின்னால் நூலில் கட்டிய பென்சில். வட்டத்துக்கு வெளியே கோடு போய்விட்டது. இன்னொரு சீட்டுக் கேட்டேன். கொடுத்தார்கள், முகம் சுளிக்காமல்.

ஆகஸ்ட் 20

குழுவில் காலியாக இருந்த இடத்துக்கு ரெனே நிற்கிறாள். ஜோனுக்கு மறுபடியும் சிகிச்சை. குணமாகிறாளா என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் வீட்டுப் புல்லை யாரோ வெட்டிவிட்டுப் போகிறார்கள்.

நவம்பர் 17, சனி

ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தீயணைப்புப் படை கொடுத்த பேஜர் அடித்தது. பதினொன்று பத்து. கையிலும் கன்னத்திலும் மாவு ஒட்டியபடியே ஓடினேன். ஓடை வளைவில் கார் ஒன்று குப்புறக் கிடந்தது. உள்ளே தாயும் குழந்தையும், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. ரெனே கண்ணாடியை உடைத்தாள். நான் சின்ன உடம்புக்காரி என்பதால் உள்ளே நுழைந்து குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பெல்ட்டை அறுத்ததும் அது என் மேல் விழுந்து, என் கன்னத்து மாவைத் தொட்டுப் பார்த்தது. இருவருக்கும் பெரிய அடி இல்லை.

ட்வைட் வரவில்லை. ஜோனோடு பேங்கரில் இருக்கிறார். மாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"கேள்விப்பட்டேன். எத்தனை பேர் வந்தீங்க?"

"ஏழு."

பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். யாரோ எண்ணைச் சொல்லி அழைக்கிறார்கள்.

"ஏழா," என்றார். பிறகு, "சரி மாரிகா. நாங்க இன்னிக்கு அவசரமாத் திரும்பல, இங்கயே தங்கிட்டு வரோம். நாளைக்கு ஜோன் கடலைப் பாக்கணும்ங்கறா."