சாடியில் கிடந்த பற்கள்

1937 பிப்ரவரி 15, திங்கள். கோச்சடை.

சுவர் நாட்காட்டியில் இன்று பகல் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைத் தாளே தொங்கியது. பத்திரப் பதிவு ஆபீஸில் நான் இருந்த காலத்தில், தேதி பிசகிய பத்திரத்தைக் கையாலும் தொடமாட்டேன். இவ்வீட்டில் என்னைத் தவிர எவருக்கும் அந்த அக்கறை இல்லை. கிழித்தேன்.

சாப்பாட்டு வேளையில் மருமகள் ஜெயக்கொடி, பேத்தி முத்துத்தாயிடம், "முழுங்குறியா, பல்லு டாக்டர்ட்ட புடிச்சுக் குடுக்கவா?" என்றாள். ஆறு வயதுக் குழந்தை. முன்பு பூச்சாண்டி, பிறகு போலீஸ்காரன், இப்போது பல் டாக்டர். நாளை அதே டாக்டரிடம் இவளை அழைத்துப் போக நேர்ந்தால் என்ன சொல்வதாம்? கேட்டேன். "வெளாட்டுக்குச் சொன்னேன் மாமா" என்கிறாள். குழந்தை இடப்பக்கமாகவே மெல்லுகிறாள் என்பதை விளையாட்டுக்குக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்கும் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. அது கிடக்கட்டும்.

பிப்ரவரி 17, புதன்.

முத்துத்தாயின் வலக்கன்னம் வீங்கிவிட்டது. கடைவாய்ப் பால்பல் சொத்தை. கிராம்புத் தைலம் வைத்தார்கள்; அலறினாள்.

பிப்ரவரி 18, வியாழன்.

கோபத்தில் எழுத்து கோணுகிறது.

என் மகன் காசிமாயன், கோயில் யானையைப் பார்க்கப் போகலாம் என்று சொல்லிக் குழந்தையை ஜட்காவில் ஏற்றினான். வீங்கிய கன்னத்தோடு, பட்டுப் பாவாடை கேட்டு உடுத்திக்கொண்டு போனாள். வண்டி நின்ற இடம் டவுனில் பல் டாக்டர் நாகூர் கனியின் வாசல். இரண்டு ஆட்கள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, இவள் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். நன்றாகச் செய்தாள். பல் எடுபடாமலே திரும்பினார்கள்.

"உண்மையச் சொன்னா வருவாளாப்பா?" என்றான்.

"பொய் சொன்னாய், வந்தாள். பல் வந்ததா?"

இனி மெய்யாகவே யானை பார்க்கக் கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள்.

பிப்ரவரி 19, வெள்ளி.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. கஞ்சிக்குக்கூட.

பிப்ரவரி 20, சனி.

நானே டாக்டரிடம் நேரில் போனேன். விரலில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார். "கை காலைப் பிடித்து அமுக்குவதற்கு இதென்ன, மாட்டுக்கு லாடம் அடிக்கும் இடமா?" என்று கேட்டேன்.

"லாடம் அடிக்கிறவன மாடு கடிக்காது பெரியவரே."

மேஜைமேல் ஒரு கண்ணாடிச் சாடி. கழுத்துவரை பற்கள். இதைக் குழந்தைகள் கண்ணில் படும்படி வைத்திருப்பது என்ன புத்தி என்றேன்.

"இதப் பாத்துத்தான் சனம் நம்பி வருது. இம்புட்டுப் பல்லு எடுத்த கைன்னு தெரிய வேணாமா?" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "சீழ் கோத்திருக்கு. திங்கக்கெழமைக்கு மேல தாமதிச்சா தாடைக்கு எறங்கிரும். கோவத்த எம்மேல காட்டிக்கங்க. பிள்ளைய மட்டும் கூட்டிட்டு வந்துருங்க."

இதில் கேலி இல்லை. மேற்கொண்டு சண்டை பிடிக்காமல் புறப்பட்டேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு.

குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும், "என்னத்துக்கு இப்படிப் பயப்படுற?" என்கிறார்கள். அது கேள்வியா? வசவு. காலையில் நானும் அதையே சொன்னேன். சற்றுத் திருத்தமான தமிழில்.

மாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாளை பல் டாக்டரிடம் போகிறோம். யானை இல்லை. வலிக்கும்" என்றேன். ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். முத்துத்தாய் என்னையே பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்தபடியே பேசினாள்.

"வலிச்சா அழுதுக்குவேன். அவரு பல்ல வச்சுக்குவாருல்ல?"

"யார்?"

"டாக்டருதான். சாடி நெறைய வச்சிருக்காரு. யாருக்கும் திருப்பித் தரல. கூரையில போடாட்டி எனக்கு எப்படித் தாத்தா மொளைக்கும்?"

போன மாதம் முன்பல் விழுந்தபோது, ஜெயக்கொடி அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாள். அவ்விடத்தில் இப்போது அரிசிமுனை போலப் புதுப்பல் தெரிகிறது. ஆகவே குழந்தையின் நியாயத்தில் ஓட்டை இல்லை. வலிக்காது, வலிக்காது என்று ஒரு வீடே கூவியது. அவளோ வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 22, திங்கள்.

உள்ளே நுழைந்ததும் என் துண்டை எடுத்துச் சாடிமேல் போர்த்தினேன். டாக்டர் முறைத்தார். பிடிக்க ஆள் வேண்டாம், என் மடியில் இருப்பாள் என்றேன். எடுத்த பல்லை அவள் கையில் தரவேண்டும் என்றேன்.

"பல்லா? அத வச்சு அவ என்ன செய்யப் போறா?"

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

அவர் சாடியைப் பார்த்தார். முத்துத்தாய் வீங்கிய வாயால் கேட்டாள்: "நெசமாக் குடுத்துருவீகளா?"

டாக்டர் அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "அல்லா சாட்சியா. உம் பல்லு உனக்கு. என் விரல எனக்குக் குடுத்துரு."

திறந்தாள்.

ஊசி போட்டும் வலித்தது, அழுதாள். என் சட்டைப் பித்தானைப் பிய்த்தாள். வாயை மட்டும் மூடவில்லை. வீடு வரும்வரை பல் இருந்த கையையும் விரிக்கவில்லை.

ஜெயக்கொடி எறிந்த சாணி உருண்டை ஓட்டில் சறுக்கித் திரும்பி வந்தது. குழந்தையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். மூடப் பழக்கம் என்று நெடுங்காலம் நான் கண்டித்து வந்த காரியம். வாங்கி நானே எறிந்தேன். நின்றது.

மார்ச் 15, திங்கள்.

ஆடும் பல்லை எடுத்துவிட நாகூர் கனியிடம் போனேன். புறப்படும்போது முத்துத்தாய், "வலிக்கும் தாத்தா. கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

சாடி அலமாரியின் உச்சிக்குப் போயிருந்தது, துணி போர்த்தியபடி. துணி என் துண்டு. அன்று மறந்து வந்திருக்கிறேன். மேஜைமேல் சதுரமாகக் கிழித்த காகிதங்கள். எதற்கு என்றேன்.

"பொடுசுக கேக்குதுக பெரியவரே. மடிச்சுக் கையில குடுத்தா, அடுத்த பல்லுக்கு அதுகளே வருதுக."

என் வயதில் எதுவும் முளைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் நான் கேட்குமுன் ஒரு காகிதத்தில் மடித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் முத்துத்தாய் சாணியைப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.