மூன்றாம் வரியில் ஓட்டை

"இவ்வளவு நாளும் பலகையிலை கிடந்ததை ஏனடி இண்டைக்குச் சொல்லுறாய்?" அன்று உன்னிடம் நான் கேட்காமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

இன்று காலை துறைக்குள் நுழைந்ததும் அது மறுபடி நினைவுக்கு வந்தது. யாரோ கரும்பலகையில் பாதி நிறுவலை எழுதி, மூலையில் "அழிக்க வேண்டாம்" என்று கட்டம் போட்டிருந்தார்கள். மழை ஈரத்தில் வெண்கட்டி மணம். நம் கணிதத்துறையில் அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. துப்புரவுக்கு வருபவர்கூடச் சுற்றித்தான் துடைப்பார்.

என் நிறுவலும் அப்படித்தான் ஒரு கிழமை கிடந்தது. நீயும் நானும் தற்காலிக விரிவுரையாளர்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. நேர்முகத்தில் அந்தத் தேற்றத்தைத்தான் விளக்க இருந்தேன். அதற்கு முதல்நாள் பின்னேரம், தேநீரோடு பலகைக்கு முன் வந்து நின்றாய்.

"எடியே, மூண்டாவது வரியிலை ஓட்டை. எல்லையையும் தொகையீட்டையும் கேட்டுக்கேள்வி இல்லாமல் இடம் மாத்திப்போட்டாய்."

"மாத்தலாம்தானே?"

"எனக்கெண்டால் துணிவில்லை. நாளைக்குப் பெரியாக்களுக்கு முன்னாலை நீ தடுக்கி விழுந்தால் நான்தான் வந்து தூக்கவேணும்."

சிரித்தாய். நானும் சிரித்தேன். தேற்றத்தைக் கைவிட்டு, பழைய சிறிய முடிவு ஒன்றை விளக்கினேன். இடம் உனக்குக் கிடைத்தது. ரோல்ஸ் வாங்கி வந்து, "தின்னடி, கணக்குப் பிழைச்சாலும் பசி பிழைக்காது" என்றாய்.

பலகையை அழிக்கப் போனபோதுதான் கண்டேன். ஓட்டை இல்லை. அந்த இடமாற்றத்துக்குத் தேவையான நிபந்தனையை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். பதற்றத்தில் எனக்குத் தெரியவில்லை. உனக்குமா? நாம் சேர்ந்து படித்த வகுப்பில் நிபந்தனைகளை முதலில் வாசிப்பவள் நீதானே.

கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரி மழையோடு உனக்கு டெங்கு வந்தது. புத்தூரில், உன் செத்தவீட்டில், உன் அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீங்கள்தானே மற்றப் பிள்ளை? உங்களுக்குத்தான் அந்த இடம் எண்டு சொல்லிச் சொல்லி, நித்திரை கொள்ளாமல் இருந்தவள்."

அன்பாகத்தான் சொன்னார். அழுதுகொண்டே அதையும் உனக்கெதிரான ஒரு சான்றாக எடுத்துவைத்தேன்.

இப்போது யார் திருத்தம் சொன்னாலும் நன்றி சொல்கிறேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, முதல் வரியிலிருந்து நானே வாசிக்கிறேன். அந்த ரோல்ஸின் உறைப்பு இன்னும் நாவில் இருக்கிறது.

உன் இடத்துக்கு மறுபடி விண்ணப்பம் கோரினார்கள். அதே தேற்றத்தை விளக்கினேன். மூன்றாவது வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இடம் எனக்குக் கிடைத்தது.