பைப்பு டேப்பில் நின்ற கேமரா

மாசி 20, வியாழன்

பிரான்ஸ் மாமா குடுத்த பழைய ஃபிலிம் கேமராவோட அடித்துளை பெரிசு. நான் வாங்கின புது ஸ்டாண்டோட திருகாணி சின்னது. நடுவுல போட ஒரு பித்தளை வளையம் விக்கிறாங்க. தபால்ல வர ஒரு வாரம் ஆகுமாம். எனக்கேது பொறுமை? அண்ணன் பம்புசெட் மெக்கானிக். அவன் பையிலேர்ந்து பைப்புக்குச் சுத்துற வெள்ளை டேப்பை எடுத்து நான்தான் திருகாணியில சுத்தினேன். கெட்டியாத்தான் நின்னுச்சு.

பாகம் பிரிச்ச நாள்லேர்ந்து அப்பாவும் அண்ணனும் பேசிக்கிறதில்லை. இன்னிக்கு எங்க பூவத்து வயல்ல கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு பேரையும் ஒண்ணா நிறுத்தினேன். டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நடுவுல நின்னேன். கேமரா மெதுவா தலையைத் தொங்கப்போட்டுச்சு. அப்படியே கழண்டு வரப்புல விழுந்துச்சு. லென்ஸ் விரிசல்.

அப்பா டேப்பைப் பார்த்தார். நேரா அண்ணன்கிட்ட திரும்பினார்.

"கேமராவுக்கும் பைப்புக்கும் வித்தியாசம் தெரியாதாடா உனக்கு? நீ தொட்டதெல்லாம் இப்படித்தான்."

இத்தனை நாள் கழிச்சு அவன்கிட்ட பேசின முதல் பேச்சு இது.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வரப்பைப் பார்த்தேன். அவன் பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

சுத்தினது நான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரலை. சீ.

இப்பதான் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். எடுத்ததும் அவனே கேட்டான்: "கேமரா சரியாயிடுமா பாப்பா?"